கமிட்டில் டிக்கெட் எண்: எங்கே எழுதுவது, எதைத் தானாக நடக்க விடக்கூடாது

கேள்வியின் சுருக்கம் இது. கிருஷ்ணகிரியில் நான்கு பேர் கொண்ட ஒரு சிறு அணி. மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடை, கொள்முதல் கணக்கு மென்பொருள் செய்து தருகிறார்கள். நிரல், ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட்டில் இருக்கிறது. பிழைகளும் கோரிக்கைகளும் எண்ணிட்ட டிக்கெட்டுகளாக ரெட்மைன் என்ற பதிவு மென்பொருளில். பழைய பதிப்பு ஒன்று இன்னும் கிட்டுக்கு முந்தைய கருவியான சப்வெர்ஷனில் இருக்கிறது. "எந்த மாற்றத்தை எந்தக் கோரிக்கைக்காகச் செய்தோம் என்பது அடுத்த சீசனில் யாருக்கும் நினைவில்லை. இரண்டையும் எப்படி இணைப்பது? அதற்கு எந்தக் கருவியை வாங்குவது?"

கருவி எதுவும் வாங்க வேண்டாம். கமிட் செய்தியில், அதாவது ஒரு மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது கூடவே எழுதும் குறிப்பில், டிக்கெட் எண்ணை எழுதுங்கள். ஒவ்வொரு கமிட்டிலும், கமிட் செய்யும்போதே எழுதுங்கள். மற்ற எல்லாமே இதற்கு மேல் கட்டுவதுதான். இது இல்லாமல் எத்தனை விலையுள்ள கருவி வந்தாலும் அதற்கு இணைக்க ஒன்றும் இருக்காது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம். லோடு வண்டி உள்ளே வந்ததும் ஒரு சீட்டு எண் விழுகிறது. மொத்த எடை, தர சோதனை, பழம் இறக்கியபின் காலி வண்டி எடை, கடைசியில் விவசாயிக்குப் பணம் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. கோரிக்கையும் அப்படித்தான் நுழைய வேண்டும். நுழையும்போதே எண் விழ வேண்டும், வெளியே போகும் வரை அந்த எண் கூடவே போக வேண்டும்.

சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கமிட் செய்துவிட்டு, அதை அடையாளம் காட்டும் ஹேஷ் என்ற நீண்ட குறியீட்டை எடுத்துப்போய் டிக்கெட்டில் ஒட்டுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் நிற்காது. கிட்டில் ஹேஷ் என்பது கமிட்டின் உள்ளடக்கம், அதற்கு முந்தைய கமிட், எழுதியவர், நேரம், செய்தி எல்லாம் சேர்ந்து கணக்கிடப்படுவது. ரீபேஸ் செய்தால், அதாவது கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கினால், ஹேஷ் மாறும். மெர்ஜின்போது, அதாவது தனியாகச் செய்த வேலையை முதன்மையோடு சேர்க்கும்போது, பல கமிட்டுகளை ஒன்றாக்கி ஸ்குவாஷ் செய்தால் பழைய ஐந்து ஹேஷுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வரும். டிக்கெட்டில் ஒட்டிய ஹேஷ் அப்போது எங்கேயும் போய்ச் சேராது. எண் கமிட் செய்திக்குள் இருந்தால் ரீபேஸிலும் அது கூடவே நகரும், குளோன் செய்த, அதாவது முழுப் பிரதி எடுத்த, ஒவ்வொரு மடிக்கணினியிலும் இருக்கும். ரெட்மைன் சர்வர் படுத்துவிட்டாலும் எண்ணைப் படிக்கலாம். டிக்கெட் பக்கத்தில் கமிட்டுகளின் பட்டியல் வேண்டுமென்றால் அந்த வேலையைக் கருவி பார்த்துக்கொள்ளும். மனிதர் எழுத வேண்டியது ஒரே ஒரு இடத்தில்தான்.

இதனால் என்ன லாபம் என்று அணியில் ஒருவராவது கேட்பார். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நிகர எடை 8,470 கிலோ, கழிவு 2 சதவீதம். கணக்குப்படி கழிவு 169.4 கிலோ. உங்கள் நிரலில் ஒரு வரி அதை பத்தின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கி 160 ஆக்குகிறது. இந்த வருடம் பர்கூர் பக்கம் புதிதாகச் சேர்ந்த ஆலை ஒன்று, "எங்கள் கணக்கில் 170 வருகிறது, உங்கள் மென்பொருள் தப்பு" என்று சொல்கிறது. அணியில் புதிதாகச் சேர்ந்த பையன் அந்த வரியைப் பார்க்கிறான். அருகில் உள்ள பத்துக்கு முழுமையாக்குவதுதானே வழக்கம், இது பிழைதான் என்று திருத்திவிடுகிறான். மறுநாள் சந்தூர் பக்கத்து ஆலையில் விவசாயிகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏனென்றால் கழிவைக் கீழ்நோக்கித்தான் பிடிப்போம் என்பது அந்த ஆலை அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த வரி ஒரு கோரிக்கைக்காக வேண்டுமென்றே எழுதப்பட்டது.

கிட் பிளேம் போட்டால் அந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்பது ஒரு நொடியில் வரும். கமிட் செய்தி "சின்னத் திருத்தம்" என்று மட்டும் இருந்தால் அத்தோடு வழி அடைபட்டுவிடும். "கழிவைக் கீழ்நோக்கி முழுமையாக்கு, #412" என்று இருந்தால் 412-ஐத் திறக்கலாம். யார் கேட்டது, ஏன் கேட்டது, எடைச்சீட்டின் படம், வேறு என்ன வழிகளைப் பேசிக் கைவிட்டோம் என்பதெல்லாம் அங்கே இருக்கும். இதை ஆலைக்கு ஆலை மாறும் அமைப்பாக வைக்க வேண்டும் என்பது பையனுக்கே புரிந்துவிடும். என்ன மாறியது என்பதைக் கமிட் சொல்லும், ஏன் மாறியது என்பதை டிக்கெட் சொல்லும். மே மாதம் முதல் ஜூலை வரை இரவு பகலாக ஓடி, மீதி மாதங்களில் யாரும் தொடாத உங்கள் மென்பொருளுக்கு இந்த "ஏன்" மற்றவர்களைவிட அதிகம் தேவை. மனித நினைவு அத்தனை மாதம் தாங்காது.

பிளேமில் ஒரு சிக்கல் உண்டு. யாராவது கோப்பு முழுவதையும் வடிவம் சீராக்கிக் கமிட் செய்திருந்தால் எல்லா வரிகளும் அவர் பெயரில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட கமிட்டுகளை ஒரு கோப்பில் பட்டியலிட்டு பிளேமுக்குக் கொடுத்தால் அவற்றைத் தாண்டிப் பார்க்கும். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது.

சரி, எண்ணைச் செய்தியில் எந்த இடத்தில் எழுதுவது? பெரிய திட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. ஃபயர்பாக்ஸ் செய்யும் மொசில்லாவில் முதல் வரியே "பக்" என்ற சொல்லும், அவர்களின் பிழைப் பதிவேடான பக்ஸில்லாவின் எண்ணுமாகத் தொடங்கும். பைத்தான் திட்டத்தில் முன்பு "பிபிஓ" என்ற முன்னொட்டோடு எண் வந்தது. 2022-இல் பிழைப் பதிவுகளை கிட்ஹப் தளத்துக்கு மாற்றியபின் முன்னொட்டு "ஜிஹெச்" ஆனது. லினக்ஸ் கர்னலில் எண்ணைவிட இன்னொன்று முக்கியம். ஒரு பிழையைத் திருத்தும் கமிட், அந்தப் பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் ஹேஷில் முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் "ஃபிக்ஸஸ்" என்ற வரியில் குறிப்பிடும். பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தத் திருத்தம் தங்களுக்குத் தேவை என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள். உங்கள் அணிக்கு இது இப்போது அதிகப்படி.

என் விருப்பம், முதல் வரியில் விஷயம், கடைசியில் ஒரு வெற்று வரி விட்டு "டிக்கெட்: #412" என்ற வால் வரி. கிட் இதை டிரெய்லர் என்கிறது. கிட் லாகில், அதாவது கமிட்டுகளின் பட்டியலில், இந்த வரியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டச் சொல்லலாம். செய்தியைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், கிட்டுக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் டிரெய்லரின் பெயரை, அதாவது முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் "டிக்கெட்" என்ற சொல்லை, ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும்தான் கிட்டுக்குப் புரியும்.

அடுத்தது பலரைக் கவிழ்த்த விஷயம். எண்ணை வரியின் தொடக்கத்திலேயே "#412 கழிவுக் கணக்கு" என்று எழுதாதீர்கள். கமிட் செய்தியை எடிட்டரில் திறந்து எழுதும்போது # குறியில் தொடங்கும் வரிகளைக் குறிப்பு என்று நினைத்து கிட் வெட்டிவிடும். கட்டளை வரியிலேயே -m என்ற விருப்பத்தோடு செய்தியைக் கொடுத்தால் வெட்டாது. அதனால் முதலில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். பிறகு ஒருநாள் யாராவது ரீபேஸில் அந்தச் செய்தியைத் திருத்தத் திறப்பார்கள், அப்போது எண் சத்தமில்லாமல் காணாமல் போகும். குறிப்புக்கான குறியையே வேறொன்றாக மாற்ற கிட்டில் அமைப்பு உண்டு என்றாலும், எண்ணுக்கு முன்னால் ஒரு சொல் வைப்பது அதைவிடச் சுலபம்.

தேடும்போதும் ஒரு எச்சரிக்கை. கிட் லாகில் #41 என்று தேடினால் #412, #417 எல்லாம் சேர்ந்து வரும். எண் முடியும் இடத்தில் சொல்லின் எல்லை என்று குறிப்பிட்டுத் தேடுங்கள்.

நான்கு பேரும் ஒழுங்காக எழுதுவார்கள் என்று நம்பி உட்கார முடியாது, குறிப்பாகத் தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருக்கும் நாட்களில். இதற்குத்தான் ஹூக். கமிட்-மெசேஜ் ஹூக் என்பது கமிட் செய்யும்போது கிட் தானாக ஓட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். செய்தி இருக்கும் கோப்பின் பாதையை கிட் அதற்குக் கொடுக்கும். எண் இல்லையென்றால் அது பிழைக் குறியோடு வெளியேறும், கமிட் நின்றுவிடும். பத்து வரிகூட வராது. இன்னும் ஒரு படி போகலாம். ஒரு வேலைக்கென்று தனியாகப் பிரித்துக்கொள்ளும் பிராஞ்சின் பெயரையே எண்ணோடு தொடங்குங்கள். கமிட் செய்தியைத் தயாரிக்கும் ஹூக் அந்தப் பெயரிலிருந்து எண்ணை எடுத்து வால் வரியைத் தானே போட்டுவிடும். தட்டும் வேலை குறைந்தால் எதிர்ப்பும் குறையும்.

ஹூக்குகள் குளோனோடு வராது. அவற்றை ரெப்பாசிட்டரிக்குள், அதாவது நிரல் களஞ்சியத்துக்குள், ஒரு கோப்புறையில் வைத்து, ஹூக்ஸ்பாத் அமைப்பை அங்கே திருப்பிவிடுங்கள். கிட் 2.9 முதல் இது உண்டு. ஒவ்வொருவரும் தன் கணினியில் ஒருமுறை செய்தால் போதும். நோ-வெரிஃபை என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதைப் போட்டால் கமிட்-மெசேஜ் ஹூக்கைத் தாண்டிப் போய்விடலாம். அதையும் தடுக்க வேண்டுமென்றால் சர்வரில் ப்ரீ-ரிசீவ் ஹூக் வைக்க வேண்டும். எண் இல்லாத கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்பும் புஷ் அங்கே திரும்பும்.

ஆனால் சர்வரில் கதவை இறுக்கிச் சாத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓசூரில் உதிரிபாக ஆலைகளுக்கு மென்பொருள் எழுதிய ஓர் அணியில் இதைப் பார்த்திருக்கிறேன். எண் கட்டாயம் என்றதும், "இதர வேலைகள்" என்று ஒரே டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாக் கமிட்டிலும் அந்த எண்ணையே போட்டார்கள். விதி காப்பாற்றப்பட்டது, தகவல் செத்தது. எழுத்துப்பிழைத் திருத்தம், நூலகப் பதிப்பு உயர்த்தல் போன்றவற்றுக்கு "டிக்கெட்: இல்லை" என்று வெளிப்படையாக எழுத அனுமதியுங்கள். பொய் எண்ணைவிட நேர்மையான "இல்லை" எவ்வளவோ மேல், அதைப் பின்னால் எண்ணிப் பார்க்கவும் முடியும். மெர்ஜ் கமிட்டுகளையும் ஹூக் கேள்வி கேட்காமல் விட வேண்டும்.

ரெட்மைனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அது தொலைவிலுள்ள கிட் ரெப்பாசிட்டரியைத் தானாகப் போய் இழுக்காது. ரெட்மைன் இருக்கும் கணினியிலேயே ஒரு வெற்று குளோன் வைத்து, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் மூலம் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். "டிக்கெட் பக்கத்தில் கமிட் வரவில்லை" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்த வேலையை விட்டவர்கள். நிர்வாகப் பக்கத்தில் ரெப்பாசிட்டரி அமைப்பில், கமிட்டை டிக்கெட்டோடு சேர்க்கும் சொற்களின் பட்டியல் இருக்கும். "ரெஃப்ஸ்" முதலான சொற்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும். நீங்கள் நட்சத்திரக் குறியை வைத்தால், சொல் எதுவும் இல்லாமல் # குறியும் எண்ணும் வந்தாலே சேர்த்துக்கொள்ளும். சப்வெர்ஷனுக்கு வேலை இன்னும் எளிது. விண்டோஸில் சப்வெர்ஷனை இயக்க உதவும் டோர்டாய்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கோப்புறையில் பக்டிராக் பண்புகளை அமைத்துவிடுங்கள். கமிட் ஜன்னலில் எண்ணுக்கென்று தனிப் பெட்டி வரும், எண் போடாவிட்டால் எச்சரிக்கும். சப்வெர்ஷனில் திருத்தப் பதிப்புகளும் வெறும் எண்கள் என்பதால் 412-ஆம் பதிப்பா, 412-ஆம் டிக்கெட்டா என்ற குழப்பம் வரும். ரெட்மைன் முன்னதற்கு ஆர் எழுத்தையும் பின்னதற்கு # குறியையும் கேட்பது இதனால்தான்.

பின்னாளில் ஜிரா, கிட்லேப் போன்ற வேறு டிக்கெட் கருவிகளுக்குப் போனாலும் அடிப்படை இதேதான். ஜிராவில் எண்ணுக்கு முன் திட்டத்தின் சுருக்கப் பெயர் சேரும். கமிட் செய்தி வழியாகவே கருத்து எழுதவும், செலவான நேரத்தைப் பதியவும் அதில் முடியும். அதற்கு கமிட்டில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் ஜிரா கணக்கில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது, எதைத் தானாக விடக்கூடாது என்பதற்கு வருகிறேன். கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் "ஃபிக்ஸஸ் #412" அல்லது "குளோஸஸ் #412" என்று எழுதினால், அந்த மாற்றம் முதன்மை பிராஞ்சில் சேர்ந்ததும் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். ரெட்மைனிலும் எந்தச் சொல்லுக்கு டிக்கெட் எந்த நிலைக்கு மாற வேண்டும் என்று அமைக்கலாம். இணையதளம் நடத்துபவர்களுக்கு இது வசதி. முதன்மை பிராஞ்சில் சேர்ந்த சில நிமிடங்களில் அவர்கள் மாற்றம் எல்லோரிடமும் போய்விடும். உங்கள் நிலைமை அப்படியா? காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலையின் எடைமேடை அறையில், பழைய கணினியில், சீசன் தொடக்கத்தில் நிறுவிய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் கிருஷ்ணகிரியில் மெர்ஜ் செய்ததும் டிக்கெட் "மூடப்பட்டது" என்று காட்டும். ஆலைக்காரர் அதே பிழைக்கு மறுபடி போன் செய்வார். உங்களில் ஒருவர், "அது முடிந்துவிட்டதே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் இடத்தில் உண்மை, அதுதான் வம்பு.

டெபியன் லினக்ஸில் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். அங்கே தொகுப்பின் மாற்றப் பதிவில் "குளோஸஸ்" என்று பிழை எண்ணை எழுதுவார்கள். அதை எழுதிச் சேமித்தவுடன் பிழை மூடாது, திருத்திய தொகுப்பு களஞ்சியத்தில் ஏற்றுக்கொள்ளப்படும்போதுதான் மூடும். எந்தப் பதிப்பில் திருத்தம் வந்தது என்பதும் பிழையோடு பதிவாகும். நீங்களும் அப்படியே வையுங்கள். கமிட் செய்ததும் டிக்கெட் "நிரலில் சரி" என்ற நிலைக்குப் போகட்டும். அதைத் தானாக மாற்றினால் தவறில்லை. "நிறுவியாயிற்று" என்பதை, ஆலையில் போய் நிறுவியவர் கையால் மாற்ற வேண்டும். "மூடப்பட்டது" என்பது கேட்டவர் சரி என்று சொன்னபின்.

எந்த ஆலையில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்பதற்கு டேக், அதாவது ஒரு கமிட்டுக்கு நாம் இடும் நிலையான பெயர், உதவும். வெளியே போகும் ஒவ்வொரு பதிப்புக்கும் டேக் போடுங்கள், மென்பொருளின் உள்ளே ஒரு மூலையில் அந்தப் பெயர் தெரியட்டும். ஒரு கமிட்டைக் கொடுத்து, அது எந்த டேக்குகளில் அடங்கியிருக்கிறது என்று கிட்டிடம் கேட்கலாம். இரண்டு டேக்குகளுக்கு இடையே உள்ள கமிட்டுகளிலிருந்து வால் வரிகளை மட்டும் எடுத்தால், அந்தப் பதிப்பில் தீர்ந்த கோரிக்கைகளின் பட்டியல் தயார். ஆலைக்கு அனுப்பும் குறிப்பை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியதில்லை. சந்தா புதுப்பிக்கும் நேரத்தில், "போன வருடம் எங்களுக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்பவருக்கும் அதே பட்டியல்தான் பதில்.

ஒரு டிக்கெட்டுக்குப் பல கமிட்டுகள் வரலாம், அது இயல்பு. ஒரு கமிட்டில் மூன்று டிக்கெட் எண்கள் வந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதைப் பிரித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை மட்டும் திரும்பப் பெற வேண்டிய நாள் கட்டாயம் வரும். ரிவர்ட் செய்து அப்படித் திரும்பப் பெறும்போது கிட் தானாக எழுதும் செய்தியில் பழைய கமிட்டின் தலைப்பும் ஹேஷும் மட்டும் இருக்கும், அதனால் டிக்கெட் எண்ணை நீங்களே சேர்த்து, அந்த டிக்கெட்டை மீண்டும் திறங்கள். பழைய பதிப்பில் ஓடும் ஆலைக்கு ஒரு திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்து கொண்டுபோனால் -x என்ற விருப்பத்தைச் சேருங்கள், எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்று செய்தியிலேயே பதிவாகும்.

இவ்வளவும் டிக்கெட் என்று ஒன்று இருந்தால்தான். உங்கள் கோரிக்கைகளில் எத்தனை ரெட்மைனுக்கு வருகின்றன, எத்தனை வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்து அங்கேயே கரைகின்றன? ஆலை மேலாளரை ரெட்மைனில் எழுதச் சொல்லாதீர்கள், அவர் எழுத மாட்டார். லோடு வரிசையில் நிற்கும்போது அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. போனை எடுப்பவர்தான் டிக்கெட்டைத் திறக்க வேண்டும். இரண்டு வரி போதும். குரல்பதிவில் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, எடைச்சீட்டின் படத்தைச் சேர்த்து, எண்ணை அவருக்கே திருப்பி அனுப்புங்கள். "அண்ணா, 412-னு போட்டிருக்கோம்" என்று ஒரு செய்தி போனால், அடுத்த முறை அவரே, "அந்த 412 என்னாச்சு?" என்று கேட்பார். அவசரத்தில் முதலில் நிரலைத் திருத்திவிட்டாலும், புஷ் செய்வதற்கு முன் டிக்கெட்டைத் திறந்து, கடைசிக் கமிட்டைத் திருத்தும் அமெண்ட் மூலம் எண்ணைச் சேர்த்துவிடலாம்.

ரெட்மைனை விட்டு வேறொன்றுக்கு மாறும் எண்ணம் இருந்தால் எண்களை அப்படியே கொண்டுபோக முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் புதிய இடத்தில் முன்னொட்டை மாற்றுங்கள். இல்லையென்றால் பழைய கமிட்டில் உள்ள #412 புதிய இடத்தில் சம்பந்தமே இல்லாத இன்னொரு 412-க்குப் போய் நிற்கும். பழைய ரெட்மைனை எழுத முடியாத, படிக்க மட்டும் முடிகிற நிலையில் உயிரோடு வைத்திருப்பது மலிவான வழி.

கடைசியாக, ஏற்கெனவே எண்ணில்லாமல் கிடக்கும் பழைய கமிட்டுகள். சப்வெர்ஷனில் சர்வர் ஹூக் அனுமதித்தால் பழைய செய்தியைத் திருத்தலாம். கிட்டில் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டாம். ஒரு பழைய செய்தியை மாற்றினால் அதற்குப் பிறகு வந்த எல்லா ஹேஷ்களும் மாறும், நான்கு பேரின் குளோனும் சிக்கலாகும். எல்லாவற்றையும் உட்கார்ந்து இணைக்கும் வேலையும் தேவையில்லை. பிழை தேடும்போது பிளேம் உங்களை எந்தப் பழைய கமிட்டுக்குக் கொண்டுபோகிறதோ, அதற்கு மட்டும் கிட் நோட்ஸ் மூலம் டிக்கெட் எண்ணைக் குறிப்பாகச் சேருங்கள். நோட்ஸ் ஹேஷை மாற்றாது, லாகில் செய்திக்குக் கீழே தெரியும். ஆனால் சாதாரணப் புஷ்ஷில் அது போகாது. நோட்ஸ் இருக்கும் ரெஃபை, அதாவது கிட் அதற்கு உள்ளே வைத்திருக்கும் பெயர்ச்சுட்டியை, தனியாகப் பெயர் சொல்லிப் புஷ் செய்ய வேண்டும், மற்ற மூவரும் அதேபோல் பெயர் சொல்லி ஃபெட்ச் செய்ய வேண்டும்.